சாவிக்கொத்தைக் கையளித்துவிட்டுப் போங்கள்: திருகோணமலை ஊழியருக்கு ஓர் ஓய்வு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன், ஓர் அடக்க ஆராதனையில் இறந்தவரின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டேன். முந்தின கிழமை அடக்கம் செய்த வேறொரு அம்மாவின் பெயர் வாயில் வந்தது. பெட்டியருகே நின்ற மகள் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கவில்லை. எங்கள் அம்மா உங்களுக்கும் மறந்துபோனாரா என்ற கேள்விதான் இருந்தது. எட்டு மாதமாக அந்த அம்மாவின் கட்டிலருகே போய் இருந்து திருவிருந்து கொடுத்தவன் நான். அவருக்குப் பிடித்த பாட்டு எது, அப்பத்தை விழுங்கக் கஷ்டப்படும்போது எவ்வளவு நனைத்துக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பெயர் மட்டும் வரவில்லை.

அன்று இரவு டயரியை எடுத்து, சபை வேலை எதுவும் இல்லாமல் கழிந்த கடைசி முழு நாள் எது என்று தேடினேன். அந்த வருடத்தில் ஒன்றும் இல்லை. முந்தின வருடத்தில் ஒன்று இருந்தது. காய்ச்சலில் படுத்திருந்த நாள்.

அந்த மகளுக்கு நான் பட்ட கடனாக நினைத்து இதை எழுதுகிறேன். போதகர், குருவானவர், அருட்சகோதரி, மூப்பர், சின்னச் சபையைத் தனியாகத் தாங்கி நிற்கும் ஊழியக்காரர் என்று நீங்கள் யாராக இருந்தாலும், உங்களுக்குப் பொருந்துகிற அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

திருமலையில், அதாவது எங்கள் திருகோணமலையில், ஊழியம் ஞாயிறு பிரசங்கத்தோடு முடிகிற வேலையாக ஒருநாளும் இருந்ததில்லை. 1990இல் யுத்தத்தால் சனம் இடம்பெயர்ந்தபோது ஆலயங்களும் தங்குமிடங்களாயின. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்த பிறகு உடல்களைத் தேடினவர்களிலும் ஊழியக்காரர் இருந்தார்கள், சமைத்துக் கொடுத்தவர்களிலும் இருந்தார்கள். 2006இல் மூதூர், சம்பூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் வெளிக்கிட்டபோதும் அப்படித்தான். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஆலய வாசலில் பைகளைச் சோதிக்க ஆள் நிறுத்தினோம். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றுவிட்டு வந்து ஜெபக்கூட்டம் நடத்தினோம். இவ்வளவுக்கும் நடுவில் எல்லாவற்றையும் நானே பிடித்திருக்க வேண்டும் என்ற பழக்கம் எங்களுக்குள் ஊறிவிட்டது. ஆபத்துக்காலத்தில் அது தேவைப்பட்டது. ஆபத்து கடந்த பிறகும் கை விரிய மாட்டேன் என்கிறது.

ஏன் ஓய்வெடுப்பதில்லை என்று கேட்டால் நேரமில்லை என்போம். என்னைப் பொறுத்தவரை உண்மைக் காரணம், எங்களுக்குக் கையளிக்கத் தெரியவில்லை என்பதுதான். அதனால் இந்த வழிகாட்டியில் கையளிப்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

முதல் படி: டொக்டரிடம் போங்கள்

ஜெபத்தில் தொடங்குவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். ஆனால் தீராத களைப்பு, காரணமில்லாத எரிச்சல், வேதத்தைத் திறந்தால் ஒரு வசனத்தில்கூட மனம் நிற்காத நிலை, இவற்றுக்குப் பின்னால் சீனி வருத்தம் இருக்கலாம், இரத்தச்சோகை இருக்கலாம், தைரொயிட் குறைவு இருக்கலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிய வேண்டியதை ஆவிக்குரிய வறட்சி என்று வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். சீனிக்கு மருந்து எடுப்பவர் உபவாசம் இருப்பவராகவும் இருந்தால் அதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் சில மாத்திரைகள் ஆளையே விழுத்திவிடும்.

இன்னொன்று. இரண்டு கிழமைக்கு மேலாகத் தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், பிள்ளைகளின் சிரிப்பும் மனதைத் தொடாமல், நான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணமே ஓடிக்கொண்டிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு. கடற்கரையில் மூன்று நாள் இருந்து மட்டும் அதை மாற்ற முடியாது. செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் தனியே எங்கும் தியானத்துக்குப் போகாதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். இதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட வேண்டாம். செத்துப்போகிறேன் என்று கேட்டவர்களில் எலியா தீர்க்கதரிசியும் ஒருவர்.

இரண்டாம் படி: 1 இராஜாக்கள் 19ஐப் பேனா இல்லாமல் வாசியுங்கள்

நாங்கள் எல்லாரும் பிரசங்கித்த அதிகாரம். அதனாலேயே அதைப் பிரசங்கத்துக்காக அல்லாமல் வாசிப்பது கஷ்டம். கையில் பேனா இருந்தால் மூன்று குறிப்பு எழுதத் தோன்றும். பேனாவை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். ஒரு கிழமைக்குத் தினமும் இதே அதிகாரத்தை மெதுவாக, முடிந்தால் வாய்விட்டு வாசியுங்கள்.

கர்மேல் மலையில் எலியாவின் ஜெபத்துக்கு அக்கினி இறங்கிய பிறகு வருகிற அதிகாரம் இது. பெரிய வெற்றிக்கு அடுத்தபடியாக எலியா ஓடுகிறார். தன் வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டு, தனியே ஒருநாள் பிரயாணம் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் இருந்து சாவைக் கேட்கிறார். வந்த தூதன் புத்தி சொல்லவில்லை, கண்டிக்கவில்லை, வசனமும் சொல்லவில்லை. தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்கிறார். அதற்கும் கண்டனம் இல்லை. இரண்டாம் முறையும் சாப்பாடுதான், போக வேண்டிய வழி தூரம் என்ற ஒரு சொல்லோடு. தேவன் அவரிடம் கேள்வி கேட்பது அதற்குப் பிறகு, நாற்பது நாள் நடந்து ஓரேபின் குகைக்கு வந்து சேர்ந்த பின்புதான்.

நாங்கள் வழக்கமாக மெல்லிய சத்தத்தோடு பிரசங்கத்தை முடித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் முடித்து வந்தேன். அதற்குப் பிறகு இருக்கிறதைப் பாருங்கள். காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, மெல்லிய சத்தம் எல்லாம் கடந்தும் எலியா முன்பு சொன்ன அதே பதிலையே திரும்பச் சொல்கிறார்: நான் ஒருவன் மட்டும்தான் மிச்சம். தேவன் அந்த வாக்கியத்தோடு வாதாடவில்லை. ஆட்களின் பெயர்களைச் சொல்கிறார். ஆசகேல், யெகூ, எலிசா. பிறகு 7,000 பேர் இருக்கிறார்கள் என்கிறார். மலையிலிருந்து இறங்கிய எலியா, ஏர் உழுதுகொண்டிருந்த எலிசாவின்மேல் தன் சால்வையைப் போடுகிறார். களைத்துப்போனவனுக்குத் தேவன் கொடுத்தது தூக்கமும் சாப்பாடும், அடுத்தபடியாகக் கூட வேலை செய்ய ஓர் ஆள்.

கிழமை முடிவில் இப்போது பேனாவை எடுக்கலாம். சபையில் ‘நான் ஒருவன் மட்டும்’ செய்கிற வேலைகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். வெட்கப்பட்டு எதையும் விட வேண்டாம். என் பட்டியலில் 31 வேலைகள் இருந்தன. தண்ணீர் மோட்டார் போடுவது, ஒலிபெருக்கி அறையைத் திறப்பது, மின்சாரக் கட்டணம், பாடசாலை அனுமதிக் கடிதங்கள், பொலிஸுக்குக் கூட வரச் சொல்கிறவர்களோடு போவது, வட்ஸ்அப் குழுவில் காலை வசனம் போடுவது. அபிஷேகம் பெற்ற போதகர் செய்தே ஆக வேண்டும் என்று எங்கள் சபை ஒழுங்கு சொல்பவை அதில் நான்குதான்.

மூன்றாம் படி: கையளியுங்கள்

என் சாவிக்கொத்தில் 14 சாவிகள். பெரிய கதவு, பக்கக் கதவு, காணிக்கை அலுமாரி, மோட்டார் அறை, ஞாயிறு பாடசாலைப் பெட்டகம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். இரண்டு சாவிக்கு எந்தப் பூட்டென்றே எனக்குத் தெரியாது. முந்தைய போதகர் தந்தார், நானும் காவிக்கொண்டு திரிந்தேன். காற்சட்டைப் பையில் அது கிடந்து கிடந்து, துணி அந்த இடத்தில் மட்டும் தேய்ந்து மெலிந்திருக்கும்.

எங்கள் மூப்பர் ஒருவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். ஒரு புதன்கிழமைக் கூட்டம் முடிந்து அந்தக் கொத்தை அவர் முன் மேசையில் வைத்து, “ஐயா, ஒரு மாதத்துக்கு நீங்கள் வைத்திருக்க முடியுமா?” என்றேன். அவர் உடனே எடுக்கவில்லை. சாவிகளை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, “நீங்கள் கேட்பீர்கள் என்று ஆறு வருசமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பாஸ்டர்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் உதவ மாட்டார்கள் என்று நான் நினைத்திருந்த காலமெல்லாம், பாஸ்டர் யாரையும் நம்புவதில்லை என்று அவர் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

கையளிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. ‘எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். ஒரு வேலைக்கு ஒரு பெயர் வேண்டும், எந்தத் திகதி தொடங்கி எந்தத் திகதி வரை என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். நீங்கள் ஊரில் இருக்கும்போதே இரண்டு கிழமை அவர்கள் செய்து பார்க்கட்டும். பிழை வந்தால் அப்போதே வரட்டும், நீங்கள் பாய்ந்து போய்த் திருத்தாதீர்கள். மோட்டாரை நிறுத்த மறந்து தாங்கி வழிந்தால் தண்ணீர்தான் வீண். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதும் இந்தப் பயிற்சியில் ஒரு பகுதி.

அவசரம் என்றால் என்ன என்பதையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். மரணம், பெரிய விபத்து, ஒருவருடைய உயிருக்கு ஆபத்து, இவ்வளவுதான். இது அவசரமா இல்லையா என்று முடிவெடுப்பது உங்கள் வேலையாக இருக்கக் கூடாது. ஒரு மூப்பரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். அவரிடம் மட்டும் உங்களைப் பிடிக்கக்கூடிய இலக்கம் இருக்கட்டும்.

அப்புறம் மரணவீடு. ஊழியக்காரர் ஊரைவிட்டு அசையாததற்கு முக்கியமான காரணம் இதுதான். நான் போன பிறகு யாராவது செத்தால்? இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, பக்கத்துச் சபை ஊழியக்காரர் ஒருவரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம். அவர் போகும்போது நீங்கள், நீங்கள் போகும்போது அவர். திருமலையில் எங்கள் சபைகள் சின்னவை, ஒருவரையொருவர் தெரியும், ஒரே சேமக்காலையில் நின்று அடக்கம் செய்தவர்கள். ஆனாலும் தயங்குகிறோம். தயக்கத்தின் பெயர் ஆட்டுக்களவு. நான் இல்லாதபோது என் சனத்தை அவர் இழுத்துவிடுவாரோ என்ற பயம். இதை மூடிமறைப்பதில் பிரயோசனம் இல்லை. அந்த ஊழியக்காரரை வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்து, இந்தப் பயம் எனக்கு இருக்கிறது என்று வாய்திறந்து சொல்லுங்கள். அவருக்கும் அதே பயம் இருக்கும். இருவரும் சொன்ன பிறகு அதற்கு அவ்வளவு பலம் இருக்காது.

நான்காம் படி: சபைக்கு அறிவியுங்கள்

சொல்லாமல் போனால் வதந்திதான் வரும். ‘பாஸ்டர் வெளிநாட்டுக்கு அலுவல் பார்க்கிறாராம்’ என்பது முதல் வரும். கூச்சப்படாமல், நோய் என்று பொய் சொல்லாமல், ஞாயிறு அறிவித்தலிலேயே சொல்லிவிடுங்கள். நான் வாசித்தது இப்படி:

“வருகிற திங்கள் முதல் வியாழன் வரை நான் ஊரில் இருக்கமாட்டேன். ஜெபிக்கவும் ஓய்வெடுக்கவும் போகிறேன். சுகவீனம் எதுவும் இல்லை. தேவைகளுக்கு மூப்பர் ஐயாவோடு பேசுங்கள், அவர் முடிவு என் முடிவு. எனக்கு அழைக்காமல் இருப்பது நீங்கள் எனக்குச் செய்யும் ஊழியம்.”

கடைசி வரியைச் சனம் அப்படியே பிடித்துக்கொண்டது. ஒருவர்கூட அழைக்கவில்லை.

ஐந்தாம் படி: கிழமையில் ஒரு நாள்

மூன்று நாள் பயணத்தைப் பற்றிச் சொல்லுமுன் இது. வருடம் முழுவதும் ஓடிவிட்டு மூன்று நாள் நின்றால் உடம்பு அந்த மூன்று நாளையும் தலையிடியிலேயே கழித்துவிடும். கிழமைதோறும் ஒரு நாள் வேண்டும்.

லேவியராகமம் 23இல் ஓய்வு சாயங்காலம் தொடங்கிச் சாயங்காலம் வரை. இது எங்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஞாயிறு பொழுதுபட ஆறு மணிக்குத் தொடங்கி, திங்கள் பொழுதுபட முடிக்கலாம். அப்படிச் செய்தால் ஓய்வுநாள் தூக்கத்தோடு தொடங்கும். பிரசங்கித்த களைப்போடு படுத்து, அலாரம் இல்லாமல் எழும்புவீர்கள். அன்று கணக்குப் புத்தகம் வேண்டாம், ஆஸ்பத்திரிச் சந்திப்பு வேண்டாம், அடுத்த பிரசங்கமும் வேண்டாம். வேதம் வாசிக்கலாம், பிரசங்கத்தில் எடுக்கப் போகாத ஒரு பகுதியை. காலையில் டச்சுபே கடற்கரையில் நடங்கள். சந்தையில் மீன் வாங்கி நீங்களே வெட்டிச் சமையுங்கள். கைக்கு வேலை கொடுத்தால் தலை ஆறும்.

முதல் சில திங்கள்கள் நன்றாக இராது. கை போனைத் தேடும், குற்றஉணர்வு குத்தும், வீட்டில் சண்டைகூட வரலாம். மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள். திங்களில் வேறு தொழில் பார்த்துப் பிழைக்கும் ஊழியக்காரர் போயா என்கிற பௌர்ணமி விடுமுறையை எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் மாதத்துக்கு ஒன்று வரும்.

ஆறாம் படி: வருடத்தில் மூன்று நாள்

முதலில் இடம். உள்ளூரில் இருந்தால் யாராவது கண்டுபிடித்து, “பாஸ்டர், இங்கேயா நிற்கிறீர்கள்? ஒரு சின்ன விசயம்” என்பார்கள். ஆகவே மூன்று நாளுக்கு ஊரைவிட்டு வெளிக்கிடுவதுதான் நல்லது. மலைநாட்டுக் குளிருக்குப் போகலாம். யாழ்ப்பாணத்தில் மருதனார்மடம் கிறிஸ்த சேவா ஆச்சிரமம் போன்ற இடங்களைக் கேட்டுப் பார்க்கலாம். கத்தோலிக்கக் குருமாருக்குத் தியானம் திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. மற்றச் சபைக்காரருக்கு அப்படி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, அதனால் நாங்களே திகதி போட வேண்டும். காசில்லை என்றால் வேறு ஊரில் உள்ள ஊழியக்காரரோடு மூன்று நாளுக்கு வீடு மாற்றிக்கொள்ளுங்கள். பஸ் காசோடு முடிந்துவிடும்.

வெளிக்கிடவே முடியாதவருக்கு ஒரு நாள் மட்டும் என்றால் நிலாவெளிப் பக்கம் இருக்கிறது, கிழமை நாளில் விடியப்புறம். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி, ஆனால் உல்லாசப் பயணிகள் கூட்டம். நவம்பர் முதல் ஜனவரி வரை மழையும் கொந்தளிப்பும், தனியே கடலில் இறங்கக் கூடாது. எனக்குப் பிடித்த இடம் உப்புவெளி யுத்த மயானம். இரண்டாம் உலகப்போரில் இறந்தவர்கள் அங்கே வரிசையாகக் கிடக்கிறார்கள். புல் வெட்டி, கல் துடைத்து, இன்றுவரை யாரோ பராமரிக்கிறார்கள். பெரும்பாலும் ஆளரவம் இருக்காது. கற்களில் பெயர்கள் பிழையில்லாமல் இருக்கின்றன. பெயரைப் பிழையாகச் சொன்ன எனக்கு அங்கே இருக்கத் தோன்றியது.

மூன்று நாளுக்கு நிகழ்ச்சிநிரல் போடாதீர்கள். முதல் நாள் தூங்குங்கள். பகலிலும் தூங்குங்கள். தியானத்துக்கு வந்துவிட்டுத் தூங்குகிறேனே என்று வருந்துகிறவர் மாற்கு 4ஐத் திறந்து பாருங்கள். புயலில் படகு நிரம்பும்போது இயேசு பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். படகின் முன்பக்கத்தை எங்கள் கடற்தொழிலாளர் இன்றும் அணியம் என்றுதான் சொல்வார்கள். அந்த வேதச் சொல் எங்கள் கரைச் சொல். தண்ணீர் அடிக்கிற படகில் தூங்குவது எப்படி என்று அவர்களிடம் கேட்டேன். “வேற ஆள் சுக்கான் பிடிச்சால் தூங்கலாம்” என்றார் ஒருவர்.

இரண்டாம் நாள் ஒரு சங்கீதம் போதும். நான் 131ஐ எடுப்பேன். மூன்றே வசனம். பால்மறந்த பிள்ளை தாயோடு இருப்பதுபோல என்கிறது. பால் கேட்காமல், ஒன்றும் கேட்காமல், சும்மா மடியில் இருக்கிற பிள்ளை. விண்ணப்பப் பட்டியல் இல்லாமல் தேவனோடு இருப்பது ஊழியக்காரருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரியும். கால்மணி நேரம் இருந்து பாருங்கள், எழும்பி நடங்கள், திரும்ப இருங்கள்.

மூன்றாம் நாள் பெயர்கள். நீங்கள் அடக்கம் செய்தவர்களின் பெயர்களை நினைவுக்கு வருகிற வரிசையில் எழுதுங்கள். காணாமல்போனவர்கள், அடக்கமே இல்லாமல் போனவர்கள், கடல் கொண்டுபோனவர்கள், சபையைவிட்டுக் கோபித்துப்போனவர்கள். மற்றவர்களின் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்ததில் நாங்கள் அழ வேண்டிய அழுகை அப்படியே கிடக்கிறது. ஒவ்வொரு பெயரையும் சத்தமாகச் சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும். 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது, அதற்கும் வேதத்தில் இடம் இருக்கிறது. அந்தத் தாளைக் கிழிக்க வேண்டாம், வேதாகமத்தில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

ஏழாம் படி: வீட்டிலிருப்பவர்கள்

நீங்கள் மூன்று நாள் போனால் வாசலுக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவது யார்? போதகரின் மனைவிக்குச் சம்பளமும் இல்லை, பதவியும் இல்லை, ஆனால் வேலை மட்டும் உண்டு. உங்கள் ஓய்வு அவருடைய பாரமாக மாறினால் அது ஓய்வே இல்லை. அவருக்கும் மூன்று நாள் கொடுங்கள், உங்களோடு சேர்ந்து அல்ல, அவருடைய தாய்வீட்டுக்கோ அக்கா வீட்டுக்கோ தனியாக. அந்த நாட்களில் பிள்ளைகளும் அடுப்பும் உங்களுடையவை. தனியே இருக்கும் குருவானவர், அருட்சகோதரி இவர்களுக்குப் பிரச்சினை வேறு. வீட்டில் அமைதி இருக்கும், பேச ஆள் இருக்காது. அவர்கள் ஓய்வுநாளில் ஒரு நேரச் சாப்பாட்டையாவது ஊழியத்தைப் பற்றிப் பேசாத ஒரு நண்பரோடு சாப்பிடட்டும்.

எட்டாம் படி: திரும்பி வருதல்

வியாழன் வந்தால் வெள்ளி ஒன்றும் வைக்காதீர்கள். வந்த முதல் ஞாயிறு பிரசங்கிக்கவும் வேண்டாம். குடும்பத்தோடு வாங்கில் இருந்து, வேறொருவர் வாயால் வசனத்தைக் கேளுங்கள். தியானத்தில் கிடைத்ததை உடனே பிரசங்கமாக்குகிற ஆசை வரும், அதை மாதக்கணக்கில் உள்ளே வைத்திருங்கள். பெட்டியருகே நின்ற அந்த மகளின் வீட்டுக்கு நான் போனது திரும்பி வந்த பிறகுதான். தாயின் பெயரைச் சொல்லி ஜெபித்தேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் உள்ளே போய்த் தாயின் பாட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினார்.

மூப்பர் ஐயா சாவிக்கொத்தைத் திருப்பித் தர வருவார். அன்போடு வாங்கி, வளையத்தைத் திறந்து, மோட்டார் அறை, ஒலிபெருக்கி அறை, பக்கக் கதவு, இந்த மூன்றையும் கழற்றி அவர் கையிலேயே வைத்துவிடுங்கள்.